சிறு கிற்றாரின் குரல்

சிறியதைக் கண்டால் அதனை எளியதென்று எண்ணுதல் பலர்க்கும் இயல்பு. அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதை எமது வகுப்பறைக்கு வந்த ஒரு பழைய கிற்றார் எமக்கு நன்கு உணர்த்திற்று.

உயர்தர வகுப்பு மாணவர்க்குப் பௌதிகவியலிலே பரிவு என்னும் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தோம். வீட்டில் உள்ள இசைக்கருவி எதையேனும் மறுநாள் கொண்டுவருமாறு சொல்லியிருந்தோம். புல்லாங்குழலும் வயலினும் மிருதங்கமும் வந்தன. ஒரு மாணவன் கடையிலே புதிதாக வாங்கிய பெரிய கிற்றார் ஒன்றைக் கொணர்ந்தான். இன்னொருவன் பழைய துணியிற் சுற்றிய ஒரு பொருளை மேசைமேல் வைத்து மெல்ல அவிழ்த்தான். அதுவும் கிற்றார்தான், ஆயினும் மற்றதன் பக்கத்தில் அது குஞ்சு போலத் தோன்றியது.

“சேர், இது சின்னப் பிள்ளையளுக்குச் செய்ததோ?” என்று பின்வாங்கிலிருந்து ஒரு குரல் எழுந்தது. வகுப்பு சிரித்தது. கொண்டுவந்தவன் முகம் வாடிற்று.

“இல்லை சேர். இது அப்பப்பா செய்விச்ச கிற்றார்” என்றான் அவன்.

எடுத்துப் பார்த்தோம். முகப்பலகையிலே குதிரைக்குக் கீழே நீண்ட வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது. தந்தியை மீட்டியபோது நாதம் எழவில்லை. கரகரவென்ற அதிர்வே கேட்டது. “திருத்தலாமோ சேர், அல்லது விட்டிட்டுப் புதுசு வாங்கிறதோ?” என்று அவன் கேட்டான். அக்கேள்விக்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை.

அன்று மாலை அவன் வீட்டுக்குச் சென்று பெரியவரிடம் கிற்றாரின் வரலாற்றைக் கேட்டோம். 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட யாழ்ப்பாணத்துக் கமக்காரர் கையில் பணம் புழங்கிற்று. ஆனால் வெளிநாட்டுப் பொருள்கள் கடைகளில் அரிதாயின. அதே காலத்திலேதான் ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையும் ஓங்கியது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் பாட்டுகள் இளைஞர் வாயில் ஒலித்தன. கிற்றார் வாசிக்க ஆசை. வாங்கவோ கிற்றார் இல்லை. பெரியவர் நண்பரொருவரிடம் ஒன்றை இரவல் வாங்கித் தம் ஊர்த் தச்சரிடம் கொண்டுசென்றார். தச்சர் அதனை மூன்று நாள் வைத்து அளந்து பார்த்தாராம்.

முகப்புக்கு வெளிநாட்டுச் சாமான் வந்த பெட்டியொன்றின் பைன் பலகை. பக்கங்களுக்கும் முதுகுக்கும் பலா. மெட்டுப் பலகைக்குக் கருங்காலி. பெட்டிப் பலகை ஒடுங்கியது. இரண்டு துண்டுகளைப் பொருத்தி ஒட்டியும் பன்னிரண்டு அங்குல அகலமே தேறிற்று. “உள்ள பலகைக்கு ஏத்த கிற்றாராய்ச் செய்வம், தம்பி” என்றாராம் தச்சர். அதன் உருவம் சிறுத்ததற்குக் காரணம் இதுவே.

அச்சிறுமையே பின்னர் அதனைக் காத்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். நாமும் அப்போது பள்ளி மாணவராய் அந்தக் கூட்டத்தில் நடந்தோம். பெரியவர் தம் சைக்கிளில் அரிசி மூடை ஒன்றையும் உடுப்புப் பை ஒன்றையும் இவற்றிடையே இக்கிற்றாரையும் கட்டிக்கொண்டு போனாராம். “பெரிசாய் இருந்திருந்தால் விட்டிட்டுத்தான் போயிருப்பன், மாஸ்ரர்” என்று சொல்லிச் சற்று நேரம் பேசாதிருந்தார்.

இத்தகைய சிறு கருவியின் நாதம் எவ்வாறு பிறக்கிறது? சுவரிலே இரண்டு ஆணி அடித்து அவற்றிடையே ஒரு தந்தியைக் கட்டி மீட்டினால் அது மிக மெல்லவே கேட்கும். மெல்லிய தந்தி மிகச் சிறிதளவு காற்றையே அசைக்க வல்லது. கிற்றாரிலே தந்தியின் அதிர்வு குதிரை வழியாக முகப்பலகைக்கு இறங்குகிறது. அகன்ற பலகை காற்றை அசைக்கிறது. பலகை மெலிந்தால் நாதம் எளிதில் எழும். ஆனால் ஆறு உருக்குத் தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பாக இழுக்கின்றன. மிக மெலிந்த பலகை அதற்குத் தாங்காது. ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர்த் தடிப்புள்ள பலகையையும் அதன் உட்புறத்தே ஒட்டிய மெல்லிய சட்டங்களையும், உடையாமலும் ஊமையாகாமலும் சீவி நிறுத்துவதே செய்பவனின் கலை. ஒரு மரம்போல் இன்னொரு மரம் இராதாகலின் அளவுகோல் மட்டும் இதற்குப் போதாது. பலகையை விரலால் தட்டிக் காதால் கேட்டே சீவுதல் வேண்டும்.

பெட்டியினுள்ளே அடைபட்ட காற்றுக்கும் ஒரு குரல் உண்டு. வாய் குறுகிய குடத்தின் விளிம்பிலே ஊதிப் பாருங்கள். பெரிய குடம் தாழ்ந்த குரலிலும் சிறிய குடம் உயர்ந்த குரலிலும் ஒலிக்கும். பெரிய கிற்றாரின் உட்காற்று செக்கனுக்கு ஏறத்தாழ 100 அதிர்வுகளில் பரிவுறும். சிறியதில் அம்மீடிறன் அதற்கு மேலே நிற்கும். கிற்றாரின் அடித்தந்தியோ செக்கனுக்கு 82 முறை அதிர்வது. ஆதலின் சிறு கிற்றாரில் அடிக்குரலின் முழக்கம் குறைவு. அம்முழக்கம் குறைவதனால் நடுக்குரலும் மேற்குரலும் மூடப்படாமல் தெளிந்து வருகின்றன. கோயில் வீதியிலே கூட்டத்தின் நடுவே அது எடுபடாது. வீட்டுத் திண்ணையிலே ஒருவர் பாட ஒருவர் மீட்டுவதற்கு அதனினும் இனியது அரிது.

உலகப் புகழ் பெற்ற கிற்றார் வினைஞரும் தச்சுத் தொழிலிலிருந்து வந்தவரே என்பதை மாணவர் அறிதல் நலம். ஸ்பெயின் நாட்டிலே 1817 இல் பிறந்த அன்ரோனியோ டி ரொறெஸ் இளமையிற் தச்சு பயின்றவர். இன்று மேடைகளிற் காணும் கிற்றாரின் வடிவுக்கு அவரே வழிகாட்டி. நாதத்துக்கு முகப்பலகையே உயிர் என்பதை நிலைநாட்ட, 1862 இல் முகப்புக்கு மாத்திரம் நல்ல மரமிட்டு, முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையாலேயே அமைத்து ஒரு கிற்றார் செய்தார். அது பார்சலோனா நகரத்து நூதனசாலையில் இன்றும் உள்ளது.

மற்றொருவர் ஜேர்மனியராகிய கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின். தளபாடம் செய்யும் தச்சர் குடும்பத்தவர். கிற்றார் செய்யும் உரிமை தச்சருக்கு இல்லை என்று வயலின் செய்வோர் சங்கத்தார் வழக்காடிய காலம் அது. மார்ட்டின் 1833 இல் நியூயோர்க்குக்குக் குடிபெயர்ந்து தொழில் நடத்தினார். அவர் செய்தவை பெரும்பாலும் சிறிய கிற்றார்களே. பின்னர் முழக்கத்தை வேண்டுவோர் பெருகினர். 1916 இல் அந்நிறுவனம் அகன்ற உடலுடைய கிற்றார் ஒன்றைச் செய்தது. ‘டிரெட்நோட்’ என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பலின் பெயரே அதற்கு வாய்த்தது! இன்று கடைகளில் நாம் காணும் பெரிய கிற்றார்களுள் மிகப் பல அதன் வழிவந்தவை.

இவற்றையெல்லாம் எண்ணியபின், திருத்துவதே தக்கது எனத் துணிந்தோம். செய்த தச்சர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆயின. அவர்தம் மைந்தர் வெளிநாடு சென்றுவிட்டனர். அச்சு, அளவு, ஆயுதம் எதுவும் எஞ்சவில்லை. ஆகவே கதவும் யன்னலும் செய்யும் வேறொரு தச்சரிடம் சென்றோம். அவர் கிற்றாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கதவெண்டால் பயமில்லை, மாஸ்ரர். இது குரல் உள்ள சாமான்” என்று தயங்கினார். பலமுறை வேண்டியபின் ஒப்புக்கொண்டார்.

வெயிலிலும் மழையிலும் மரம் சுருங்கி விரிந்ததே வெடிப்புக்குக் காரணம் என்றார். மெல்லிய மரச்சிராய் ஒன்றைச் சீவி வெடிப்பிலே பொருத்தி வச்சிரத்தால் ஒட்டினார். மீண்டும் பிளவாதபடி உட்புறத்தே ஒரு தடித்த சட்டமும் வைத்தார். வெடிப்பு மறைந்தது. ஆனால் மீட்டியபோது, போர்வைக்குள்ளிருந்து பேசுபவனின் குரல்போல நாதம் மங்கிக் கேட்டது. சட்டத்தின் பாரம் பலகையின் அசைவைத் தடுத்துவிட்டது. தச்சர் முகம் சுருங்கிற்று. ஒலித்துளையினூடே கையை விட்டுச் சிறு உளியால் அச்சட்டத்தை மெல்லச் சுரண்டினார், பலகையைத் தட்டிக் கேட்டார், மறுபடியும் சுரண்டினார். ஐந்தாறு முறை இவ்வாறு செய்தபின் தந்தியை மீட்டினார். நாதம் திறந்தது! “இப்பதான் வாய் திறக்குது” என்று அவர் சொன்னபோது, நாம் கரும்பலகையிற் பல்லாண்டு எழுதிய பாடத்தை அவர் ஒரு மாலைப் பொழுதிற் கையாற் கற்றுவிட்டதை உணர்ந்தோம்.

மறுபடியும் வகுப்புக்கு இரு கிற்றார்களும் வந்தன. ஒரே பாட்டை இரண்டிலும் வாசிப்பித்து, மாணவரைக் கண்மூடிக் கேட்கச் சொன்னோம். பெரியது நெஞ்சை நிறைத்தது. சிறியதிலே ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே பேசிற்று. பெரியதே நன்று என்றவரும் உளர். அது அவரவர் சுவை. ஆனால் முன்பு சிரித்த மாணவன் எழுந்து வந்து, “சேர், ஒருக்கால் நானும் மீட்டிப் பார்க்கலாமோ?” என்று சிறியதற்கே கை நீட்டினான்.

அன்றிரவு எமது ஊரின் பெயர் எம் நினைவுக்கு வந்தது. யாழ் வாசித்துப் பரிசு பெற்ற பாணன் ஒருவனால் யாழ்ப்பாணம் என்னும் பெயர் உண்டாயிற்று என்பது செவிவழிக் கதை. பெயர் நிலைத்தது, யாழோ மறைந்தது. நூல்கள் அதனைப் புகழ்ந்தன. செய்யும் கைகள் அடுத்த கைக்குக் கொடாது போயின. சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கிய விபுலானந்த அடிகள், பழந்தமிழ் நூல்களையும் கணிதத்தையும் துணைக்கொண்டு நெடுங்காலம் ஆராய்ந்தே யாழின் இயல்பை மீட்க வேண்டியிருந்தது. அவருடைய ‘யாழ்நூல்’ 1947 ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அண்மை ஆண்டுகளிலே சென்னையைச் சேர்ந்த தருண் சேகர் என்னும் இளைஞர் யாழைப் புதிதாகச் செய்து வாசிப்புக்குக் கொணர்ந்தார். அவரும் கிற்றார் செய்யும் வினைஞரே என்பது கருதத்தக்கது. ஒரு தந்திக் கருவியைச் செய்யத் தெரிந்த கை இன்னொன்றையும் உயிர்ப்பிக்கும்.

ஒரு தலைமுறை கைவிட்ட தொழிலை மீட்பதற்குப் பல நூற்றாண்டுகளின் பின் ஓர் அறிஞரின் வாழ்நாள் வேண்டியிருந்தது. கையிலிருந்து கைக்குக் கொடுப்பதற்கோ ஒரு மாணவனும் சில மாலைப் பொழுதுகளும் போதும். ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்: வீட்டு மூலையிலே வெடித்துக் கிடக்கும் வயலினையோ வீணையையோ விறகோடு சேர்க்காதீர்கள். பிள்ளையையும் அழைத்துக்கொண்டு அதனை ஒரு தச்சரிடம் எடுத்துச் செல்லுங்கள். அவர் சீவுவதைப் பிள்ளை பார்க்கட்டும்.

அந்தத் தச்சர் கிற்றாரைத் திருப்பிக் கொடுக்குமுன் அதன் உருவை ஒரு பலகையில் வரைந்து அறுத்து வைத்துக்கொண்டார். அவ்வச்சு இப்போது அவர் பட்டறைச் சுவரிலே தொங்குகிறது. சனிக்கிழமைகளிலே எம் மாணவர் இருவர் அங்கே சீவுளி பிடிக்கப் பழகுகின்றனர்.