கறுப்புக் கோட்டில் ஓடும் வண்டி

காஞ்சிபுரம் மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டை கார் ஆலையில் ரோபோக் கைகள் பற்றவைப்பு வேலை செய்கின்றன. அதே மாவட்டத்தின் உத்திரமேரூர் போன்ற கிராமப்புற வட்டாரங்களின் பிள்ளைகளுக்கும் அந்நுட்பம் பள்ளியிலேயே அறிமுகமாக வேண்டியது அவசியம். 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கம், மாணவர்கள் கருவிகளைக் கையாண்டு பழகும் டிங்கரிங் லேப் அமைக்கத் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. தமிழக அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல், கணிதச் செய்முறைகளைக் கொண்டுசெல்கிறது.

பள்ளிக்கு ரோபோக் கருவிகள் வந்தபின் பிள்ளைகள் அவற்றில் எவ்வாறு ஈடுபடுகிறார்கள் என்பதே பெரிய கேள்வி. ஃபிரெட்ரிக்ஸ், புளூமென்ஃபெல்ட், பாரிஸ் ஆகிய கல்வி ஆய்வாளர்கள் 2004இல் ஈடுபாட்டை மூன்றாகப் பகுத்தனர்: சொன்னதைச் செய்து வகுப்பில் பங்கெடுப்பது நடத்தை ஈடுபாடு, விருப்பமும் ஆர்வமும் உணர்வு ஈடுபாடு, கடினமானதை விடாமல் யோசிப்பது அறிவு ஈடுபாடு. அமைதியே ஒழுங்கு என்று பழகிய கண்ணுக்கு ரோபோ வகுப்பின் இரைச்சல் குழப்பமாகவே படும்; ஆயினும் மூன்றாவது வகை பெரும்பாலும் அந்த இரைச்சலுக்குள்தான் இருக்கிறது.

தரையிலுள்ள கறுப்புக் கோட்டைப் பின்பற்றி ஓடும் ரோபோ வண்டி இதற்கு நல்ல சான்று. அதன் அடியிலுள்ள உணரி, அதாவது சூழலின் மாற்றத்தை மின்குறிப்பாக்கும் உறுப்பு, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்ச, வெள்ளைத் தரை அதைத் திருப்பியனுப்புகிறது, கோடாக ஒட்டிய கறுப்பு இன்சுலேஷன் டேப் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. அந்த வேறுபாட்டைக் கொண்டே ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகை சக்கரங்களைத் திருப்புகிறது. சன்னல் வழி விழும் வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால், காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி நண்பகலில் தடம் மாறக்கூடும். அப்போது "கிட் ரிப்பேர் சார்" என்று ஒதுக்கிவிடும் மாணவனும், உணரிக்கு மேல் கையால் நிழல் கொடுத்துச் சோதிக்கும் மாணவியும் ஒரே வகுப்பில்தான் இருக்கிறார்கள். மதிப்பெண் அந்த மாணவியின் சோதனைக்கும் உரியது, வண்டி ஓடியதற்கு மட்டுமன்று.

கருவி குறைவாகவும் கைகள் மிகுதியாகவும் உள்ள குழுவில் ஒருவர் மடிக்கணினியைப் பற்றிக்கொள்ள, மற்றவர் வேடிக்கை பார்க்கவோ சேட்டை செய்யவோ தொடங்குவது இயல்பு; மாணவியருக்குக் குறிப்பேடு எழுதும் வேலையே வாய்ப்பதும் உண்டு. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரியத்தில், அதாவது குழுவில், பணிபுரிந்தவர் பெயரை அடுத்த மூன்றாண்டுகளுக்குக் குடவோலை என்னும் குலுக்கல் தேர்வில் சேர்க்காமல் விலக்கியது. அச்சபை நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆண்களுக்கே உரியதாயினும், அந்த ஒரு விதி இக்குழுக்களுக்குப் பொருந்தும்: குலுக்கலில் பொறுப்பைப் பிரித்து, ஒருமுறை நிரல் எழுதியவரை மற்றவர் எழுதி முடிக்கும்வரை விலக்கலாம். இதற்குத் தொடர்ந்து இரண்டு பாடவேளைகள் தேவை. ஒரே பாடவேளையில் கருவியைப் பிரித்து எடுத்து வைக்கவே நேரம் போய்விடும்.