பாட்டனுக்குப் பாட்டனைப் பத்திரத்தில் தேடுங்கள்

திண்டுக்கல் பக்கம் குடகனாற்றங்கரையில் இருக்கும் நம் அகரத்தில் ஒரு வீட்டில் கேட்டால் தாத்தா பெயரும் அவருடைய அப்பா பெயரும் தடையில்லாமல் வரும். அதற்கு மேலே கேட்டால், “அவருக்கும் இதே பேர்தான்” என்று பேச்சு நின்றுவிடும். தாத்தன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு மறு தலைமுறையில் திரும்பத் திரும்ப வருகிறது. 1850 வாக்கில் பிறந்த ஒருவரைத் தேடுகிறவர் முதலில் சிக்கிக்கொள்வது இதில்தான். தாத்தாவின் கதையை அவருடைய தாத்தாவின் தலையில் ஏற்றிவிடுவோம்.

பிறப்புச் சான்றிதழுக்காக அலைய வேண்டாம். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததே 1899-இல்தான். 1871-இல் குடிக்கணக்கு எடுத்தார்கள். ஆனால் அதிலிருந்து இன்று நமக்குக் கிடைப்பவை எண்ணிக்கைகள்தாம், வீட்டு ஆட்களின் பெயர்கள் அல்ல. சாதாரண மனிதரை இன்னார் மகன் இன்னார் என்று அரசாங்கம் எழுதிவைத்தது பெரும்பாலும் நிலத்துக்காகவும் தீர்வைக்காகவும்தான். ஆகவே ஆளைத் தேடுவதற்கு முன்னால் அவர் உழுத நிலத்தைத் தேடுங்கள்.

அதற்கும் முன்னால் பங்காளிகளிடம் போங்கள். குலதெய்வக் கோயிலுக்கு வரி வசூலித்த பழைய நோட்டு யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும். எந்தக் கிளை எந்த வரிசையில் வரி கொடுத்தது என்பதிலேயே அண்ணன் தம்பி முறை தெரிந்துவிடும். முதியவர்களிடம் வருஷம் கேட்காதீர்கள், பஞ்சத்தைக் கேளுங்கள். ‘தாது வருஷப் பஞ்சத்தில் கைக்குழந்தை’ என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால் அவர் பிறந்தது 1876-ஐ ஒட்டி என்று கொள்ளலாம். ஆனால் தாது அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும். 1816-லும் 1936-லும் வந்திருக்கிறது. பஞ்சம் என்ற சொல்லும் சேர்ந்து வந்தால்தான் 1876.

அடுத்தது பத்திரம். இந்த வேலையில் இதற்கு நிகரான ஆதாரம் இல்லை என்பேன். 1864-இல் பதிவுச் சட்டம் வந்தபின் நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள கிரையத்தைக் கட்டாயம் பதிய வேண்டியிருந்தது. எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர் இருவருக்கும் தகப்பன் பெயர், சாதி, தொழில், ஊர் எல்லாம் முதல் வரிகளிலேயே இருக்கும். ஒரே பத்திரத்தில் இரண்டு தலைமுறை கிடைத்துவிடுகிறது. பாகப்பிரிவினைப் பத்திரம் அகப்பட்டால் பெரிய அதிர்ஷ்டம். உடன்பிறந்தோர் எல்லோரும், சில சமயம் இறந்துபோன அண்ணனின் விதவை மனைவியும்கூட, அதில் வரிசையாக நிற்பார்கள். பலரும் படிக்காமல் தள்ளிவிடும் செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லை விவரத்தைத்தான், நான் முதலில் படிக்கச் சொல்வேன். கிழக்கே இன்னார் புஞ்சை, தெற்கே இன்னார் கிணறு என்று எழுதியிருக்கும் அந்தப் பெயர்கள் பலவும் பங்காளிகளுடையவை. ஒரு தகப்பன் நிலம் மகன்களுக்குப் பிரியும்போது அண்ணனே தம்பிக்கு எல்லையாகிறான். நான்கு பத்திரங்களின் எல்லைகளை ஒரு தாளில் பொருத்திப் பாருங்கள், தாத்தாவின் சித்தப்பன் பெரியப்பன் யார் என்று தெரியவரும்.

வீட்டில் பத்திரம் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவுப்படி, நிலப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் செலுத்தி யாரும் பார்க்கலாம், நகல் கேட்கலாம். இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று இவ்வளவு பழைய காலத்துக்குப் போகாது. கையால் தேடச் சொல்லி மனு கொடுக்க வேண்டும். நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரையம் பதியப்படாமலே போயிருக்கலாம். ஏழைப் பாட்டன் பத்திரத்தில் இல்லை என்பதால் அவருக்கு நிலமே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அங்கேயும் கிடைக்காவிட்டால், நிலத்தை அளந்து தீர்வை விதித்த பழைய செட்டில்மெண்ட் பதிவேடு. பைமாஷ் என்ற பழைய அளவை எண்ணும் சர்வே எண்ணும் பட்டாதாரர் பெயரும் அதில் இருக்கும். இன்றைய சர்வே எண்ணிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். நடுவில், நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்க 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். திட்டத்தில் எண்களும் உட்பிரிவுகளும் மாறியிருக்கலாம். இந்தப் பதிவேடுகளைத் தேடும்போது திண்டுக்கல் மாவட்டம் என்று கேட்டால் கிடைக்காது. இந்த மாவட்டம் பிறந்தது 1985-இல். அதற்கு முன்னால் நாம் மதுரை ஜில்லா, திண்டுக்கல் தாலுகா. வருஷம் பசலி என்ற வருவாய்த்துறைக் கணக்கில் இருந்தால் 590-ஐக் கூட்டுங்கள்: பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. உங்கள் முன்னோர் ஜமீன் கிராமத்தில் குடியானவராக இருந்திருந்தால் கதை வேறு. 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசாங்கம் பல ஜமீன் கிராமங்களில் செட்டில்மெண்ட் நடத்தியது.

உங்கள் முன்னோர் பூசாரி, வண்ணார், கொல்லர், காவல்காரர் போன்றோராக இருந்தால், அந்த வேலைக்காக அவர்களுக்கு மானிய நிலம் இருந்ததா என்று விசாரியுங்கள். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் மானியங்களை ஆராய்ந்து எழுதிய பதிவேடுகளில், அனுபவிப்பவர் பெயரோடு அவர் வயதும், முதலில் மானியம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதும் உண்டு. வயது கிடைத்தால் பிறந்த வருஷம் கையில் கிடைத்த மாதிரி. சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இவற்றைத் தேடலாம்.

நிலமும் மானியமும் இல்லாதவர்கள்? கத்தோலிக்கக் குடும்பமானால் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமணப் புத்தகங்கள் இருக்கின்றன; ஞானப்பெற்றோர் பெயர்கூட உறவைக் காட்டிக்கொடுக்கும். கூலிக்குக் கடல் கடந்தவர்களில், கங்காணி வழியே இலங்கைக்கும் மலேயாவுக்கும் போனவர்களுக்குத் தனித்தனிப் பதிவு அரிது. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்கு நிலைமை அப்படியில்லை. சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16-இல் டர்பன் சேர்ந்தது முதல் 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து அங்கே போனார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் வரை எழுதினார்கள். கிராமத்தின் பெயர் அகரம் என்று மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். தமிழ்நாட்டில் அகரங்கள் பல. தாலுகா திண்டுக்கல்தானா என்று பார்த்த பிறகே குடகனாற்றங்கரைக்கு வாருங்கள்.

இத்தனை பதிவேடுகளிலும் பெண்கள் மிகக் குறைவு. அது எனக்குப் பெரிய மனக்குறை. கணவன் இறந்த பிறகு மைனர் மகனுக்குக் கார்டியனாகக் கையெழுத்திட்டவராக, சீதன நிலத்தை விற்றவராக, இன்னார் பாரியாள் என்று எப்போதாவது தலைகாட்டுவார்கள். பாட்டியின் பிறந்த ஊர் தெரிந்தால் அந்த ஊர்ச் சார்பதிவாளர் அட்டவணையிலும் தேடுங்கள். சீதனமாக வந்த நிலம் அங்கேதான் பதிவாகியிருக்கும். ஊர் தெரியாவிட்டால், உங்கள் வீட்டுக் கல்யாணங்களில் தாய்மாமன் சீர் எந்த ஊரிலிருந்து வந்தது என்று வயதான அத்தைகளைக் கேளுங்கள்.