புலப்பெயரின் நீளமும் உங்கள் முகவரியும்

கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தம் பெயர் கடைசி எழுத்துகள் இன்றி நிற்பதைக் கண்டு கிளைக்கு வரும் வாடிக்கையாளர்கள் உண்டு. வீடு மாறிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் வங்கிக் கடிதம் பழைய வீட்டுக்கே செல்வதாகக் கூறுவோரும் உண்டு. எழுத்தர் ஒருவரின் கவனக்குறைவே காரணம் என்று எண்ணுவது இயல்பு. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் கணினி அட்டவணைகளுக்கு வகுக்கப்பட்ட இட அளவும் இதற்குக் காரணமாவதுண்டு. அதனை இங்கே விளக்க விரும்புகிறோம்.

அட்டவணையும் புலமும்

பழைய பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, விவரம், பற்று, வரவு, இருப்பு எனப் பத்திகள் இருக்கும். கணினித் தரவுத்தளத்தின் அமைப்பும் இதுவே. பேரேட்டுப் பக்கம் அங்கே அட்டவணை எனப்படும். பத்தி புலம் எனப்படும். பத்தியின் தலைப்பே புலப்பெயர். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. தலைப்பு தெளிவாக இல்லாவிட்டாலும், கீழே எழுதியிருப்பதைப் பார்த்து மனிதர் பொருள் உணர்வர். கணினி நிரலோ புலப்பெயரை மட்டுமே நம்பித் தகவலை எடுக்கும்.

சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984ஆம் ஆண்டு அளித்த அறிக்கைக்குப் பின், இந்திய வங்கிக் கிளைகளில் கணினி படிப்படியாக இடம்பெற்றது. அக்காலத்தில் நினைவகம் விலை மிகுந்த பொருள். ஆகவே புலப்பெயருக்கும் மென்பொருள்கள் அளவு வகுத்தன. டிபேஸ் வகைக் கோப்பில் புலப்பெயர் 10 எழுத்துகளைத் தாண்டலாகாது. கோபோல் கணினி மொழியில் நெடுங்காலம் 30 எழுத்துகளே எல்லை. ஆரக்கிள் தரவுத்தளத்தில் 30 பைட்டாக இருந்த வரம்பு, 12.2 பதிப்பில்தான் 128 பைட்டாக உயர்ந்தது.

ஒரே பெயரில் இரண்டு முகவரி

ஒரு வாடிக்கையாளருக்கு நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி என இரண்டு புலங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஆங்கிலத்தில் அவற்றுக்குக் ‘கஸ்டமர்_பர்மனென்ட்_அட்ரஸ்’, ‘கஸ்டமர்_பிரசன்ட்_அட்ரஸ்’ என்று பெயர். ‘கஸ்டமர்’ என்பதற்கு 8 எழுத்துகள், அடிக்கோடு ஒன்று, அடுத்து ‘பி’ என்னும் எழுத்து. அத்துடன் பத்தும் முடிந்துவிடுகிறது. பத்து எழுத்துக்குள் வெட்டினால் இரண்டு பெயர்களும் ஒன்றாகிவிடுகின்றன.

தரவை மாற்றும் கருவிகளுள் சில, இத்தகைய மோதலைத் தவிர்க்க இரண்டாவது பெயரின் இறுதியில் ஓர் எண்ணைச் சேர்க்கும். மோதல் நீங்கும், குழப்பம் நீங்காது. எது நிரந்தர முகவரி, எது தற்போதைய முகவரி என்பது பெயரைக் கொண்டு விளங்காது. புரிதல் பிழைத்தால் புதிய பற்று அட்டையும் காசோலைப் புத்தகமும் நீங்கள் விட்டுவந்த வீட்டின் வாசலுக்குச் செல்லும்.

வங்கிகள் மையக் கணினி முறைக்கு மாறியபோதும், 2020 ஏப்ரல் 1 அன்று 10 பொதுத்துறை வங்கிகள் 4 வங்கிகளாக ஒருங்கிணைந்தபோதும், பழைய அட்டவணைகளிலிருந்து புதியவற்றுக்குப் பெருமளவில் தரவுகள் இடம்பெயர்ந்தன. புலப்பெயர்களின் பொருளைச் சரியாக அறிவது எத்துணை இன்றியமையாதது என்பது இத்தகைய நேரங்களில்தான் புலனாகும்.

பழைய பெயரை ஏன் மாற்றுவதில்லை?

புரியாத பெயரை நீக்கிவிட்டுத் தெளிவான நீண்ட பெயரை இட்டால் போதாதா என்று கேட்கலாம். ஒரு புலத்தை வட்டி கணக்கிடும் நிரல், அறிக்கை அச்சிடும் நிரல், குறுஞ்செய்தி அனுப்பும் நிரல் எனப் பல நிரல்கள் அதன் பழைய பெயராலேயே அழைக்கின்றன. அவற்றுள் ஒன்று விடுபட்டாலும் அன்றைய பணி நின்றுபோகும்.

ஆகவே மூன்று வழிகளைக் கைக்கொள்கிறோம். முதலாவது, தரவு அகராதி. ஒவ்வொரு சுருக்கப் பெயருக்கும் முழுப்பொருள், இட அளவு, எந்த நிரல் அதைப் பயன்படுத்துகிறது என்பவை அதில் எழுதப்படும். இரண்டாவது, பழைய அட்டவணையைத் தொடாமல், அதன் மேல் தெளிவான நீண்ட பெயர்களுடன் ஒரு காட்சி அட்டவணையை அமைத்தல். புதிய நிரல்கள் இதன் வழியே படிக்கும். மூன்றாவது, இடமாற்றத்துக்குப் பின் மாதிரிக் கணக்குகளை மூல விண்ணப்பத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தல்.

உங்கள் பெயருக்கும் அளவு உண்டு

புலத்தின் தலைப்புக்கு மட்டுமன்றி, அதனுள் எழுதும் செய்திக்கும் இட அளவு உண்டு. அட்டையின் காந்தப் பட்டையில் பெயருக்கு உள்ள இடம் 26 எழுத்துகளே. ‘மீனாட்சிசுந்தரம்’ என்னும் பெயரைத் தமிழில் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்க 48 பைட்டு வேண்டும். ஆங்கில எழுத்தில் 17 பைட்டு போதும். ஆங்கிலத்தை மட்டும் எண்ணி 30 பைட்டு ஒதுக்கிய பழைய புலத்தில் தமிழ்ப்பெயர் முழுமையாக அடங்காது.

இன்று இது முன்னிலும் முக்கியமாகிறது. ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் வழியே பணம் அனுப்புவோர், பெறுபவரின் பெயரை முன்கூட்டியே சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் வழங்குமாறு ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியது. அங்கே தோன்றுவது வங்கிப் பதிவில் உள்ள பெயர். அது பாதியில் நின்றிருந்தால், அனுப்புபவர் ஐயுற்றுப் பணத்தை அனுப்பாமல் விடக்கூடும்.

நீங்கள் செய்யத்தக்கவை

கணக்கு அறிக்கையில் உள்ள பெயரை ஆதார், நிரந்தரக் கணக்கு எண் அட்டை ஆகியவற்றுடன் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். தலைப்பெழுத்து ஓரிடத்தில் சுருக்கமாகவும் மற்றோரிடத்தில் விரிவாகவும் உள்ளதா என்பதையும் கவனியுங்கள். நிரந்தர முகவரி, தற்போதைய முகவரி, நியமனதாரர் பெயர் ஆகிய மூன்றையும் கிளையில் கேட்டறியுங்கள். பற்று அட்டையில் மட்டும் பெயர் சுருங்கியிருந்தால் கவலை வேண்டாம்; கணக்கில் முழுமையாக உள்ளதா என்பதே முக்கியம்.

பிழை காணப்பட்டால் உரிய ஆவணத்துடன் எழுத்து மூலம் விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். திருத்தம் செய்யப்பட்டதும் புதிய கணக்கு அறிக்கை ஒன்றைப் பெற்று மீண்டும் சரிபாருங்கள். பழைய அட்டவணைகளின் பொருளைக் காப்பது எங்கள் கடமை. ஆயினும் அவற்றுள் எழுதப்பட்டிருப்பது சரிதானா என்பதை உங்களைவிட நன்கு அறிந்தவர் வேறு எவரும் இலர்.