இருதயத்தின் கடிவாளம்

யோகிகள் தம் இருதயத்தை நிறுத்த வல்லவர்கள் என்னும் பேச்சு நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. யோகாசனத்தைப் பற்றிப் பேசப் புகும்போதெல்லாம் மாணவர்கள் என்னிடம் கேட்கும் முதற் கேள்வியும் இதுவே. ஆகையால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

1935-ஆம் ஆண்டில் தெரேஸ் புரோஸ் என்னும் பிரெஞ்சு மருத்துவ அம்மையார், இருதயத்தின் மின்னோட்டத்தைப் பதியும் கருவியுடன் இந்தியாவுக்கு வந்து யோகிகளைச் சோதித்தார். ஒருவரிடத்தில் துடிப்பின் பதிவு ஏறக்குறைய மறைந்தே போயிற்று என்று கண்டார். பின்னர் வெங்கர், பாக்சி, ஆனந்த் என்னும் மூன்று ஆராய்ச்சியாளர்கள் இதனை மேலும் நுணுகி ஆராய்ந்து, 1961-இல் தம் முடிவை வெளியிட்டனர். மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது மார்புக் கூட்டினுள் அழுத்தம் ஏறுகிறது. இருதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது. ஆதலால் கையில் நாடி தட்டுப்படவில்லை. ஸ்டெதாஸ்கோப்பில் ஒலியும் கேட்கவில்லை. ஆனால் மின்பதிவில் துடிப்பு இடைவிடாது தொடர்ந்தது! இதை யோகத்துக்கு நேர்ந்த தோல்வி என்று நான் கருதவில்லை. நிற்காத இருதயமல்லவா நமக்கு வேண்டுவது?

யோகத்தின் மெய்யான பயன் வேறிடத்தில் இருக்கிறது. மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைக் கவனியுங்கள். மூச்சை உள்ளிழுக்கையில் துடிப்புச் சற்றே விரையும்; வெளிவிடுகையில் தணியும். இளம் பருவத்தில் இவ்வேறுபாடு நன்றாகத் தெரியும். (அஞ்ச வேண்டா, இது நோயன்று.) மூளையிலிருந்து இறங்கி வரும் வேகஸ் என்னும் நரம்பு இருதயத்துக்குக் கடிவாளம், பரிவு நரம்புகள் அதற்குச் சாட்டை. தேர்வு மண்டபத்து வாயிலில் நெஞ்சு படபடப்பது சாட்டையின் வேலை. மூச்சு வெளியேறும்போது கடிவாளம் இறுகுகிறது. நிமிடத்துக்கு ஆறு முறை என்னும் அளவுக்கு மூச்சை நிதானப்படுத்தினால் அதன் பிடி நன்கு வலுக்கிறது.

புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரியில் மாணவர் அறுபதின்மரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு நிதானமான மூச்சுப் பயிற்சியும் மற்றவருக்கு விரைவான மூச்சுப் பயிற்சியும் மூன்று மாதம் அளித்தனர். 2004-இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, முதற் பிரிவினரிடம் கடிவாளம் வலுத்துச் சாட்டை தளர்ந்திருந்தது. விரைந்து மூச்சு விட்டவர்களிடம் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. ஆகவே யோகம் என்று பெயர் பெற்றதெல்லாம் ஒரே பலனைத் தரும் என்று எண்ணுவதற்கில்லை.

இருபது வயதில் இக்கவலை எதற்கு என்பீர்கள். கொரியப் போரில் மடிந்த 300 அமெரிக்க வீரர்களின் இருதயங்களை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள், அவர்களுள் நூற்றுக்கு 77 பேரின் இருதயத் தமனிகளில் நோயின் அடையாளத்தைக் கண்டு 1953-இல் எழுதினார்கள். அவ்வீரர்களின் சராசரி வயது 22! தமனி தடிக்கும் இந்நோய்க்கு மூச்சுப் பயிற்சி மட்டும் போதாது. ஓட்டமும் விளையாட்டும் வேண்டும். புகையிலையை அணுகவே கூடாது. இரத்த அழுத்தமோ இருதயக் கோளாறோ உடையவர்கள் மூச்சை வலிந்து அடக்குதல் ஆகாது.

பயிற்சியைத் தொடங்குவோர், காலையில் படுக்கையை விட்டு எழுமுன் ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணி, நாட்குறிப்பில் எழுதி வாருங்கள். மூன்று மாதத்துக்குப் பின் முதற் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.