ஜோக்கைப் படிச்சுட்டுக் கிழி!

வாரப் பத்திரிகையை எல்லாரும் படிப்பீர்கள். என்றைக்காவது ஊற வைத்திருக்கிறீர்களா? எங்கள் அத்தை ஊற வைப்பாள்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓர் அண்டா உண்டு. பழைய பேப்பர், வாரப் பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, என் பரீட்சைப் பேப்பர் (மார்க் குறைந்தவை கொஞ்சம் சீக்கிரமே போய்ச் சேரும். அது என் கைங்கரியம்) எல்லாம் சுக்கல் சுக்கலாக அதில் விழும். மூணு நாள் ஊறி, மூக்கைப் பிடிக்கிற பக்குவம் வந்ததும் தண்ணீரை ஒட்டப் பிழிந்து, ஊறின வெந்தயத்தோடு ஆட்டுரலில் போட்டு அரைப்பாள். வெந்தயம்தான் பசை. கசப்புக்குப் பூச்சியும் அண்டாது. குடத்தையோ சட்டியையோ கவிழ்த்து, ஈரத்துணி போர்த்தி, கூழை விரல் கனத்துக்கு அப்பி வெயிலில் வைத்தால், நாலைந்து நாளில் கழன்று வரும். கூடை ரெடி! அரிசி போடலாம், அப்பளம் போடலாம். பொத்தல் விழுந்த முறத்துக்கும் அதே கூழ்தான் வைத்தியம். மேலே காவியும் மஞ்சளும் கரிப்பொடியும் குழைத்துக் கிளி வரைவாள். யாரும் சொல்லித் தரவில்லை.

ஒரு சட்டம் உண்டு. தொடர்கதைப் பக்கங்களை முதலில் பிரித்து எடுத்துவிட வேண்டும். அவை பைண்டிங்குக்குப் போய், அப்புறம் தெரு முழுக்கச் சுற்றும். மிச்சத்தைக் கிழிப்பது எங்களைப் போன்ற பொடிசுகள் வேலை. "ஜோக்கைப் படிச்சுட்டுக் கிழிடா!" என்பாள். உரக்கப் படிக்க வேண்டும். எங்களுக்குப் புரியாத ஜோக்குக்கும் அவள் சிரிப்பாள். நான் தமிழ் கற்றது பள்ளிக்கூடத்தில் இல்லை, மாமியார் ஜோக்கில்தான்.

அத்தைக்கு 19 வயசிலேயே மாமா போய்விட்டார். வருஷம் 1954. 'கல்கி'யில் 'பொன்னியின் செல்வன்' முடிந்ததும் அந்த வருஷம்தான். "எனக்கு ரெண்டும் ஒரே வருஷத்துல முடிஞ்சுது" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அப்புறம் 65 வருஷம் எங்கள் வீட்டில்தான்.

நவராத்திரிக் கொலுவில் பாதிப் பொம்மைகள் அவள் காகிதக் கூழில் செய்தவை. சுண்டலும் அவள் கைதான். தாம்பூலம் கொடுக்கிற நேரத்தில் மட்டும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். "யார் செஞ்சது?" என்று வந்தவர்கள் கேட்டால், அம்மா உள்ளே கை காட்டுவாள். "வெளியே வா அத்தை" என்று நாங்கள் யாரும் கூப்பிட்டதில்லை. நான் வேலைக்குப் போய், ஆபீஸ் மகளிர் தினக் கூட்டத்தில் கைதட்டல் வாங்கின பிறகும் கூப்பிடவில்லை. இப்போதுதான் உறைக்கிறது என்று எழுதினால் அது பொய். அப்போதே உறைத்தது.

2019 தை மாசம் அத்தை போனாள். காரியமெல்லாம் முடிந்த மறுநாள், திருச்சியிலிருந்து பஸ்ஸில் ஒரு அம்மாள் வந்தார். அறுபது வயசிருக்கும். எதிர் வீட்டு அக்கா என்று பிடிபடவே எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. கட்டைப்பையிலிருந்து ஒரு காகிதக் கூடையை எடுத்தார். விளிம்பு உடைந்து, கிளி மங்கிப் போயிருந்தது.

"கல்யாணமாகி ஆறே மாசத்துல என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க தம்பி. நீ அப்போ சின்னப் பையன். நாலு மாசம் நான் வாசப்படி தாண்டலை. எல்லாரும் வந்து புத்தி சொன்னாங்க. உங்க அத்தை மட்டும் ஒண்ணும் சொல்லலை. 'எனக்குக் கை வலிக்குது, கொஞ்சம் அரைச்சுத் தரியா?'ன்னாங்க. தினம் வந்து அரைச்சேன். இந்த வீட்டுத் திண்ணையில உக்காந்துதான் டீச்சர் டிரெயினிங் அப்ளிகேஷன் எழுதினேன். ஸ்டாம்ப் அவங்க காசு."

அத்தைக்குக் கை வலித்து நான் பார்த்ததே இல்லை. எண்பது வயசிலும் இட்லிக்கு ஆட்டுரல்தான்.

எங்கள் வீட்டில் அவள் செய்த கூடை ஒன்றுகூட மிஞ்சவில்லை. பிளாஸ்டிக் டப்பா வந்ததும் பரணுக்குப் போயின. வீட்டை இடித்துக் கட்டியபோது பரணும் போயிற்று. ஆசையாகக் கை நீட்டினேன்.

"பார்த்துக்கோ தம்பி, காட்டத்தான் கொண்டாந்தேன். தர மாட்டேன்" என்று கூடையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார் அக்கா.