பெட்டிக்குள் அடங்கிய தீவு

'ஒரு எபிசோட் மட்டும்' என்று இரவு பத்து மணிக்கு டிவிடியைப் போடுவார்கள். டிவியை அணைக்கும்போது வாசலில் பால் பாக்கெட் வந்திருக்கும். 2000-களின் பிற்பாதியில் பெங்களூர் வைட்ஃபீல்டில் அறை எடுத்துத் தங்கிய சாஃப்ட்வேர் இளைஞர்களுக்கு 'லாஸ்ட்' அறிமுகமானது இப்படித்தான்.

சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் கிளம்பிய ஓஷானிக் 815 விமானம் ஒரு மர்மத் தீவில் நொறுங்க, உயிர் பிழைத்தவர்களின் கதை. (ஈராக்கிய வீரர் சயீதாக வரும் நவீன் ஆண்ட்ரூஸ் லண்டனில் பிறந்தவர், பெற்றோர் மலையாளிகள்.) அமெரிக்காவின் ஏபிசி சேனலில் 2004 செப்டம்பர் 22-ல் தொடங்கியது. மண்ணில் புதைந்த இரும்பு மூடியைப் பெயர்த்ததோடு முதல் சீசன் 2005 மே மாதம் முடிந்தது. அடியில் என்ன இருக்கிறது? அமெரிக்க ரசிகர்கள் செப்டம்பர் வரை மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். வைட்ஃபீல்டில் அடுத்த டிஸ்க்கைச் செருகினால் தீர்ந்தது.

லாபம் இல்லாமலில்லை. காட்சியை நிறுத்தி, மூடியில் பொறித்த 4, 8, 15, 16, 23, 42 என்ற எண்களை நிதானமாகப் பார்க்கலாம். ஆனால் ஊகிக்க அவகாசமே கிடையாது; அந்தத் தொடரின் பாதி ருசி அதில்தான்.

2010 மே 23-ல் வந்த கடைசி எபிசோட் பல முடிச்சுகளை அவிழ்க்கவில்லை. ஆறு வருடம் காத்திருந்தவர்கள் கொதித்தார்கள். ஒரே மாதத்தில் பார்த்து முடித்தவர்கள் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த தொடரைத் தேடினார்கள்.