ஏற்காட்டு மலைச்சாலையில் ஒரு பௌதிகப் பாடம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போயிருக்கிறீர்களா? இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறியிருப்பீர்கள். இறங்கும்போது யாரும் எண்ணுவதில்லை. ஆனால் சோதனை இருப்பது இறக்கத்தில்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுடன் ஒரு வாடகை வேனில் சென்றிருந்தேன். மாலையில் திரும்பும்போது, பாதி மலையில் ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். மிதிகட்டை மெத்தென்று அடிவரை இறங்கிவிட்டது, வண்டி நிற்கவில்லை! அவர் பதறாமல் திரும்பத் திரும்ப மிதித்தார், கியரைக் குறைத்தார், கைப்பிரேக்கை இழுத்தார், மலைச்சுவரை ஒட்டி நிறுத்திவிட்டார். எங்கும் ஒழுக்கு இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து மிதித்தால் பிரேக் பழையபடி பிடித்தது. இதென்ன மாயம்?

கணக்குப் போடுவோம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் குறைவு. 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் 1,200 மீட்டர் இறங்கினால் இழக்கும் நிலையாற்றல் 1000 × 9.8 × 1200, அதாவது ஏறத்தாழ 1.2 கோடி ஜூல். சுமார் 37 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! காற்றும் சாலையும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மீதியை எஞ்சின் ஏற்காவிட்டால் பிரேக்தான் வெப்பமாக ஏற்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது இதனால்தான்.

மிதிகட்டையின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது குழாயிலுள்ள பிரேக் திரவம். பாஸ்கல் விதியை நீங்கள் படித்திருக்கிறீர்கள். திரவம் எளிதில் அமுங்காது என்பதால்தான் அது வேலை செய்கிறது. ஆனால் இந்தத் திரவத்துக்குக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உண்டு. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் கொதிக்க வேண்டும் என்பது விதி. நூற்றுக்கு நாலு பங்குக்கும் குறைவான நீர் சேர்ந்தாலே அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். சூடேறிய சக்கரத்தருகே திரவம் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்றும். ஆவி அமுங்கும், மிதி வீணாகும். ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடும். மாயம் அவ்வளவுதான்.

அதே வேன் அன்று காலை ஏரிக்கரையில் கிளம்பவும் மறுத்தது. "பாட்டரி போச்சு" என்றார்கள். வந்த மெக்கானிக் பாட்டரியைத் தொடவே இல்லை. எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கினார். உடனே கிளம்பியது. வண்டியில் மின்னோட்டம் திரும்பி வரும் பாதை இரும்பு உடல்தான். கிளப்பும் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும்போது, துருவின் மின்தடை 0.02 ஓம் இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே போய்விடும். 12 வோல்ட்டில் கால் பங்கு! பனிமூட்டத்தில் நனையும் மலை வண்டிகளில் இது சகஜம். ஹாரன் அடித்தால் விளக்கு மங்குகிறதா? எர்த்தையும் சந்தேகப்படுங்கள்.

வீட்டு வண்டியைப் பெரியவர்கள் துணையோடு நீங்களே பார்க்கலாம். பாட்டரி ஒயரைக் கழற்றுவதானால் பெரும்பாலான வண்டிகளில் எதிர்முனையே முதலில். நேர்முனையில் வைத்த ஸ்பானர் உடலில் பட்டால் தீப்பொறி பறக்கும். ரப்பர் குழாய்களில் வெடிப்பு, உப்பல், ஈரம் உண்டா என்று பாருங்கள். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது.

எங்கள் வேனின் பிரேக் திரவப் புட்டியைத் திறந்து பார்த்தோம். வெளிர்மஞ்சளாக இருக்க வேண்டியது தேநீர் நிறத்தில் இருந்தது. மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டேன்.

"மாத்தணுமா சார்? வண்டி வாங்கினதிலிருந்து இதேதான்" என்றார் ஓட்டுநர்.